கோபுரத்தின் கால்

அப்புத்தளை முகட்டில் நின்று தென்மேற்கே பார்த்தால் மலை ஒரேயடியாகக் கீழே இறங்கிவிடுகிறது. அந்த இறக்கத்துக்கு அப்பால், பலாங்கொடைப் பக்கத்துச் சமனலவெவயில், கி.பி. 7ஆம் நூற்றாண்டு முதல் 11ஆம் நூற்றாண்டு வரை காற்றையே துருத்தியாகக் கொண்டு இரும்பு உருக்கினார்கள். மேற்குப் பார்த்த சரிவுகளில் உலைகளைக் கட்டி, மட்டக்களப்பார் கச்சான் என்றும் யாழ்ப்பாணத்தார் சோழகம் என்றும் சொல்லும் பருவக்காற்றுக்கு முகம் காட்டி வைத்தார்கள். தொல்லியலாளர் கில் ஜூலெஃப் அதே மாதிரி உலையை அங்கேயே கட்டி எரித்துப் பார்த்து, கரிமம் மிகுந்த எஃகு கிடைத்ததை 1996இல் 'நேச்சர்' இதழில் எழுதினார். இரும்பைப் பிறப்பித்த அந்தக் காற்றேதான் இன்று முகட்டிலுள்ள வானொலி, தொலைபேசிக் கோபுரங்களின் மேல் பனிமூட்டத்தைக் கொண்டுவந்து போர்த்துகிறது. ஆனாலும் கோபுரத்துக்குப் பெரிய எதிரி காற்றில் இல்லை, காலடி மண்ணில் இருக்கிறது என்பதே என் வாதம். தேயிலை மண்ணில் ஊன்றிய இரும்புக்கு அந்த ஆபத்து இன்னும் அதிகம்.

இரும்பைத் துத்தநாகத்தில் தோய்க்கும் முறைக்கு 1837இல் பிரான்சில் சோரெல் காப்புரிமை பெற்றார். தோட்டங்களில் லயத்துக்கும் ஸ்டோருக்கும் கூரையான தகரம் அந்த முறையின் பிள்ளை. கோபுரத்து எஃகுக்கும் அதே துத்தநாகப் பூச்சுத்தான் காப்பு. பழைய லயத்துத் தகரம் எங்கே முதலில் ஓட்டையாகிறது என்று பாருங்கள். மழை அடித்து ஓடிவிடும் நடுப்பரப்பில் அல்ல. ஆணி அறைந்த இடத்திலும், ஒரு தகடு இன்னொன்றின் மேல் ஏறிப் படியும் இடுக்கிலும், குப்பை தேங்கும் பீலியிலும். நீர் ஓடும் இடம் பிழைக்கிறது, நிற்கும் இடம் அழுகுகிறது. கோபுரத்தில் நீர் நிற்கும் இடம் அதன் கால்.

கடல் உப்பு எட்டாத மலையில் துருவுக்கு என்ன வேலை என்று சிலர் கேட்பார்கள். கொழும்புக் கரையோடு ஒப்பிட்டால் மலைக்காற்று இரும்புக்கு இரக்கம் காட்டுகிறது, உண்மைதான். ஆனால் அப்புத்தளை 1,400 மீற்றருக்கு மேலே, இரு பருவங்களும் தொடும் விளிம்பில் இருக்கிறது. வடகிழக்குப் பருவத்தில் ஊவாவுக்கு மழை. தென்மேற்குப் பருவத்தில் மேற்கே ஈரம், கிழக்குச் சரிவில் ஊவாத் தேயிலைக்குப் பெயர் வாங்கித்தந்த வறள்காற்று. நனைந்து காய்ந்து மறுபடி நனையும் இரும்பு வேகமாகவே துருப்பிடிக்கும். அதைவிடப் பெரிய காரணம் மண். தேயிலை செழிக்க மண்ணின் பி.எச். பெறுமானம் 4.5க்கும் 5.5க்கும் இடையில் இருக்க வேண்டும். துத்தநாகப் பூச்சோ 6க்குக் கீழே போனால் கரையத் தொடங்கிவிடும். தேயிலைக்கு இடும் அமோனியம் சல்பேற்று அமிலத்தை இன்னும் கூட்டும். கொழுந்துக்கு உகந்த மண்ணே கோபுரத்துக்கு நஞ்சாகிறது.

கால் கொங்கிறீற்றுக்குள் இருக்கிறதே என்பது அடுத்த மறுப்பு. கொங்கிறீற்றின் காரத்தன்மை தன்னுள் உள்ள எஃகைக் காக்கும். ஆனால் எஃகு கொங்கிறீற்றை விட்டு வெளியேறும் கோட்டில் மயிரிழை வெடிப்பு விழுந்தால் நீர் அங்கே தங்கும். கோபுரத்தைச் சாயாமல் இழுத்துக் கட்டும் ஸ்டே கம்பிகளை மண்ணுக்குள் பிடித்திருக்கும் நங்கூரத் தண்டின் நிலை இன்னும் மோசம். மின்னலுக்காகப் புதைத்த செப்புத் தண்டு அதோடு கம்பியால் இணைந்திருக்கும். ஈரமண்ணில் செம்பும் துத்தநாகமும் சேர்ந்து ஒரு மின்கலமாகி, செம்பு பிழைக்கத் துத்தநாகம் தேய்கிறது. அது தீர்ந்ததும் எஃகின் முறை. மின்னல் காப்பைக் கழற்றிவிடவும் முடியாது. இதற்கு வழி 1824இலேயே தெரிந்திருந்தது: பிரித்தானியக் கடற்படைக் கப்பல்களின் செப்புத் தகட்டைக் காக்க, அதோடு இரும்பையோ துத்தநாகத்தையோ பிணைத்து அதை அரிக்கவிட்டார் ஹம்ஃப்ரி டேவி. இன்று நங்கூரத்தோடு பிணைத்துப் புதைக்கும் மக்னீசியக் கட்டிக்கும் அதே வேலைதான். டில்லி இரும்புத் தூணும் இதையே சொல்கிறது. 1,600 ஆண்டு வெயிலும் மழையும் அதன் மேற்பகுதியைத் தின்னவில்லை. 1961இல் தோண்டியபோது மண்ணுக்குள் இருந்த அடிப்பகுதியில் துரு படிந்திருந்தது. துருப்பிடிக்காத தூண் என்று உலகம் வியந்த தூணுக்கும் அடிமண்தான் பகை.

ஒழுங்காகப் பெயின்ற் அடித்தால் போதாதா? பாரிஸின் ஈஃபெல் கோபுரத்துக்கு ஏறத்தாழ 7 ஆண்டுக்கு ஒருமுறை 60 தொன் பூச்சு அடித்துத்தான் காக்கிறார்கள். அந்தப் பூச்சு கண்ணுக்குத் தெரியும் இரும்புக்கு. மண்ணுக்குள் இருப்பதை யாரும் பார்ப்பதில்லை. மேலே பளபளக்கும் கோபுரம் உள்ளே பாதித் தண்டோடு நிற்கக்கூடும். ஆகவே பீடத்தை மண்மட்டத்துக்கு மேலே உயர்த்தி, நீர் வடியச் சாய்வு கொடுத்து, காலைச் சுற்றிப் புல்லும் உரமும் சேராமல் வைத்திருக்க வேண்டும். நங்கூரத் தண்டுக்குத் தார் பூசவும் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, தோண்டிப் பார்க்க வேண்டும். செலவு ஒரு மண்வெட்டியும் ஒரு நாள் கூலியும்.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்து லயங்கள் மேல் மலை சரிந்தது. இந்தச் சரிவுகளில் அப்படியொரு நாளில் எச்சரிக்கையும் உதவிக் குரலும் இந்தக் கோபுரங்கள் வழியாகத்தான் போக வேண்டும். கோபுரங்களுக்குப் பொறுப்பானவர்களே, ஆடி ஆவணியில் மண் காய்ந்திருக்கும்போதே அவற்றின் காலடியைத் தோண்டிப் பாருங்கள். ஐப்பசி மழை தொடங்கிவிட்டால் அந்த வேலை நடக்காது.