தொங்குவதும் நிற்பதும்

அடுக்குமாடி வீட்டுக் கூடத்துக்குச் செடி தேடி நர்சரிக்குப் போகிறவர் பெரும்பாலும் இரண்டில் ஒன்றோடு திரும்புவார்: மணி பிளான்ட், இல்லையேல் ஸ்நேக் பிளான்ட். ஒன்று தொங்கும், மற்றது நிற்கும். முன்னதற்குப் பழைய கண்ணாடிப் பாட்டில் போதும். பின்னதற்கு மண்தொட்டிதான் பொருத்தம். அலமாரியின் விறைத்த விளிம்பைக் கொடி தளர்த்திவிடுகிறது. சுவர் மூலையின் நேர்கோட்டை வாள் போன்ற இலை இன்னும் அழுத்திக் காட்டுகிறது.

தண்ணீரில் இரண்டும் எதிரெதிர்த் துருவங்கள். மணி பிளான்ட் மாதக்கணக்கில் நீரிலேயே நிற்கும். ஸ்நேக் பிளான்ட் தடித்த இலைக்குள் நீரைச் சேர்த்துவைத்து, இலைத்துளைகளைப் பெரும்பாலும் இரவில்தான் திறக்கும். ஆனால் வீடுகளில் இரண்டையும் கொல்வது பெரும்பாலும் ஒன்றே: தொட்டியில் தேங்கிய ஈரம். பாட்டிலில் வாழும் கொடி சேற்றில் ஏன் அழுக வேண்டும்? பாட்டிலில் முளைத்த வேர், நீரில் கரைந்த ஆக்சிஜனுக்குப் பழகியது. மண்ணில் வளர்ந்த வேரோ மண்துகள்களுக்கு இடையிலுள்ள காற்றை நம்பியிருக்கிறது. அந்த இடைவெளிகள் நிரம்பிவிட்டால் மூச்சுத் திணறும். ஆகவே, எளிய தொட்டி வாங்கும்போது நிறத்தைப் பார்க்குமுன் கவிழ்த்து அடியைப் பாருங்கள். துளையில்லாத வெள்ளைப் பீங்கான் தொட்டி, செடிக்கு ஒரு குட்டிக் கிணறு. துளையுள்ள பிளாஸ்டிக் தொட்டியோடு செடியை அதற்குள் இறக்கிவைத்தால் அழகும் கெடாது, வேரும் பிழைக்கும்.

நிறத்தை வாரிசுக்குக் கொடுப்பதில்தான் எனக்கு வியப்பு. கணுவோடு வெட்டிய மணி பிளான்ட் துண்டு தாயின் மஞ்சள் தெறிப்பைப் பெரும்பாலும் கொண்டுவரும். இருட்டு மூலையில் வைத்தால்தான் பச்சைக்கு நழுவும். மஞ்சள் கரையிட்ட ஸ்நேக் பிளான்ட் இலை ஒன்றை நான்கு விரல் நீளத் துண்டுகளாக நறுக்கி மணலில் செருகினேன். வாரங்கள் பல கழித்து எட்டிப்பார்த்த குருத்தில் மஞ்சள் கரையே இல்லை. அந்த மஞ்சள், இலையில் மரபால் வேறுபட்ட ஒரு தனித் திசுப் பகுதி. துண்டிலிருந்து புதிதாக உருவாகும் குருத்து அந்த அமைப்பை அப்படியே கொண்டுவருவதில்லை. கரை வேண்டுமென்றால் மண்ணுக்கடியிலுள்ள தண்டோடு பிரித்து நட வேண்டும்.

காற்றைச் சுத்தமாக்கும் என்ற விளம்பரம் இரண்டுக்கும் பொது. அதற்குச் சான்றாகக் காட்டப்படும் நாசாவின் 1989 அறிக்கைக்கான சோதனைகள் மூடிய சிறு பெட்டிகளுக்குள் நடந்தவை. வீட்டில் சன்னல் வழி வரும் காற்றுக்கு ஈடாக வேண்டுமென்றால் சதுர மீட்டருக்கு 10 முதல் 1,000 செடிகள் வேண்டும் என்றது 2019-இல் வந்த ஒரு மறுஆய்வு. பிறகு நாம் உட்கார்வது எங்கே?

பெயரிலும் இரண்டும் அலைந்தவை. பசிபிக்கின் மூரியா தீவிலிருந்து வந்த மணி பிளான்ட், 1880-இல் போத்தோஸ் என்று பெயர் பெற்று, 1964-இல் எபிபிரெம்னம் ஆனது. செடிகளைப் பெரும்பாலும் பூவை வைத்தே வகைப்படுத்தி வந்தார்கள்; பூவைக் காட்டாத செடியை எந்தக் குடும்பப் படத்தில் நிறுத்துவது? பூப்பதற்கு வேண்டிய ஜிபரெலின் என்ற ஹார்மோன் அதில் போதவில்லை என்பது 2016-இல்தான் தெரிந்தது. மேற்கு ஆப்பிரிக்க ஸ்நேக் பிளான்ட்டோ அரிதாகவேனும் பூக்கும். ஆனாலும் மரபணுச் சான்று அதைச் சான்செவீரியாவிலிருந்து டிரசீனாவுக்கு மாற்றிவிட்டது.

நம் கூடத்து மணி பிளான்ட் உண்மையில் வளர மறுத்த குழந்தை. பூங்காவில் மரத்தைப் பற்றி ஏறியதைப் பாருங்கள்: இலை முறம் அளவு, ஓரமெல்லாம் கிழிசல். ஸ்நேக் பிளான்ட்டுக்கு அப்படி வேறு முகம் கிடையாது. அதற்கு இருப்பது உள்ளூர்ச் சொந்தம்: வறண்ட நிலத்து மருள். சங்கப் பாட்டில் மரல் என வருவது இதுவே என்பார்கள். நார் உரித்துக் கயிறு திரித்த செடி. அதைப் பெயர்த்து வந்து மண்தொட்டியில் வைத்தால், விருந்தாளி அதையும் ஸ்நேக் பிளான்ட் என்றே சொல்லி, எந்த நர்சரியில் வாங்கியது என்று கேட்பார்.