வெற்றுத் தோட்டாவும் திண்டுக்கல் ஆயுதச் சாலையும்

திண்டுக்கல் நகரில் பழைய பித்தளை வாங்கும் கடை ஒன்றில், உடைந்த குத்துவிளக்குகளுக்கும் பூட்டுப் பட்டறைகளிலிருந்து வந்த துண்டுத் தகடுகளுக்கும் இடையே, சுண்டுவிரல் நீளமுள்ள கறுத்த குழல் ஒன்று நம் கண்ணிற்பட்டது. எடைக்கு விலை கொடுத்து வாங்கி வந்தோம். புளியும் உப்பும் இட்டுத் தேய்க்கவே, அடிப்பாகத்தில் ‘கே’, ‘எஃப்’ என்னும் இரண்டு ஆங்கில எழுத்துக்கள் தெளிந்தன. பூனாவை அடுத்த கிர்க்கியில் 1869இல் நிறுவப்பெற்ற தோட்டாத் தொழிற்சாலையின் முத்திரை அது. ‘303’ எனப் பெயர்பெற்ற பட்டாளத் துப்பாக்கியில் சுடப்பட்ட வெற்றுக் கூடு. அருகிருந்த பட்டறைக்காரர், “ஹஜ்ரத், இதில் மறுபடியும் மருந்து போட முடியுமா?” என்று வினவினார்.

சட்டத்தின் விடை எளிது. உரிமமின்றித் தோட்டா செய்வது 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி குற்றம். வரலாற்றின் விடை அத்துணைச் சுருக்கமானதன்று. அதைக் கேட்கத் திண்டுக்கல்லினும் தக்க ஊர் வேறில்லை என்போம்.

1755இல் மைசூர் அரசின் பவுஜ்தாராகத் திண்டுக்கல்லுக்கு வந்த ஹைதர் அலி, திருச்சிராப்பள்ளி, புதுச்சேரி முதலிய ஊர்களிலிருந்து தேர்ந்த கைவினைஞரை வரவழைத்து, பிரெஞ்சுக்காரரின் மேற்பார்வையில் இங்கே பீரங்கிப் படையும் ஆயுதச் சாலையும் மருந்துச் சாலையும் அமைத்தார். இதனை வில்க்ஸ் என்னும் ஆங்கில வரலாற்றாசிரியரே எழுதி வைத்துள்ளார். பின்னர் ஆங்கிலேயரை நடுங்கச் செய்த மைசூர்ப் படைக்கலத்தின் தொடக்கம் இந்த மலையடிவாரத்தில்தான்.

இதைக் குறிப்பிடுவோர் பலர், பெருமை முழுவதையும் பிரெஞ்சுக்காரருக்கே எழுதிவிடுகின்றனர். அவர்தம் உதவியை நாம் மறுக்கவில்லை. ஆயின் ஆயுதச் சாலைக்கு ஐரோப்பியர் வழங்கும் ‘ஆர்சனல்’ என்ற சொல்லே, ‘தாருஸ் ஸினாஆ’, அதாவது ‘தொழில் நடைபெறும் இல்லம்’ என்ற அறபுத் தொடரின் திரிபன்றோ? அறபிகள் அதனால் குறித்தது கப்பல் கட்டும் துறையை; வெனிஸ் நகரத்தார் வழியே அது ஐரோப்பா ஏறிற்று. வெடியுப்பைத் தூய்மை செய்யும் முறையும் அவ்வாறே. 13ஆம் நூற்றாண்டில் சிரியாவில் வாழ்ந்த ஹஸன் அர்ரம்மாஹ், வெடியுப்பைக் கரைத்து, மரச்சாம்பல் சேர்த்து, வேண்டாத உப்புக்களைப் பிரித்து, மீண்டும் படிகமாக்கும் வழியைத் தெளிவுறக் கூறியுள்ளார். தூய்மையற்ற உப்பு ஈரத்தை இழுக்கும்; மருந்து நமுத்துப்போகும். மழைக்காலத்துப் போரில் அதுவே தோல்விக்குப் போதும்.

ஹைதரின் காலத்தில் மருந்தும் குண்டும் குழலின் வாய்வழியே இடிக்கப்பட்டன. சுட்டபின் எஞ்சுவது புகையும் கரியுமே. காகிதத் தோட்டாவைப் பல்லாற் கடித்துப் பிரிக்க வேண்டியிருந்தது. என்பீல்டு துப்பாக்கியின் தோட்டாவில் பசுக்கொழுப்பும் பன்றிக்கொழுப்பும் தடவப்பட்டன என்ற செய்தி 1857இல் மூட்டிய தீயை நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை. பத்தாண்டுகள் கழியுமுன்னரே, அதே என்பீல்டைப் பின்புறம் திறக்குமாறு மாற்றி, பாக்ஸர் என்னும் ஆங்கிலேயப் படையதிகாரி வகுத்த பித்தளைத் தோட்டாவைப் புகுத்தினர். கடிக்க வேண்டிய தேவை ஒழிந்தது. சுட்டபின் கையில் ஒரு கூடும் எஞ்சியது.

அக்கூடு எழுபது பங்கு செம்பும் முப்பது பங்கு துத்தநாகமும் கலந்தது. வெடிக்கும்போது விரிந்து குழற்சுவரோடு ஒட்டி, புகை பின்வாராமல் அடைத்து, உடனே சற்றுச் சுருங்கிக் கழன்று வருகிறது. இக்குணத்தால்தான் அதை மீண்டும் பயன்படுத்த இயலும். சுட்ட கேப்பை நீக்கி, அழுக்கைக் கழுவி, பருத்த உடலை அச்சிலிட்டு அளவுக்குக் கொணர்ந்து, நீண்ட கழுத்தைக் கத்தரிக்க வேண்டும். பலமுறை விரிந்த கழுத்து இறுகி வெடிக்கும். ஆதலின் அதனைச் சூடேற்றி இளக்குவர். அடிப்பாகத்தை மட்டும் இளக்கலாகாது. வெடியின் அழுத்தத்தைத் தாங்குவது அதுவே. புளியிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. நெடுநேரம் ஊறினால் துத்தநாகம் கரைந்து, பித்தளை செம்பின் நிறங்கொள்ளும். நம் இல்லத்துப் பெண்மக்கள் இதனை நன்கறிவர்.

பித்தளைக்குக் கொடிய பகை ஒன்றை இந்தியாவிலேதான் கண்டனர். மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் அடுக்கப்பட்ட தோட்டாக்கள், எவரும் தொடாமலே விரிசல் கண்டன. குதிரைச் சிறுநீரிலிருந்து எழும் அம்மோனியாவும், கூட்டை இழுத்து வடித்தபோது அதனுள் தங்கிய இறுக்கமும் கூடிச் செய்த வேலை அது என்பது 1921இல்தான் விளக்கம் பெற்றது.

வடமேற்கு எல்லையில் தர்ரா ஆதம் கேல் கொல்லர்கள் ஆங்கிலப் படை சிந்திய கூடுகளைப் பொறுக்கிச் செப்பனிட்டு, மருந்திட்டு, அப்படையின் மீதே திருப்பிச் சுட்டனர். சுட்ட கூடுகளை எண்ணி ஒப்படைக்கும் கண்டிப்பு அங்கே எழுந்ததில் வியப்பென்ன? ஹைதர் தொகுத்த கைவினைஞருக்கு அத்தகைய கூடு கிட்டியதில்லை. 1767, 1783, 1790 என மும்முறை கைமாறி, 1792 உடன்படிக்கையால் திண்டுக்கல் கம்பெனியாரைச் சேர்ந்தபோது, இங்கிருந்த சாலையின் கதையும் முடிந்தது.

பட்டறைக்காரரிடம் கூட்டைக் கொடுத்தோம். வெளிச்சத்தில் உள்ளே நோக்கி, “இரண்டு துளை இருக்கிறதே” என்றார். அது பெர்டான் என்னும் அமெரிக்கர் வகுத்த முறை. பாக்ஸரின் முறையில் நடுவே ஒரே துளை. ஓர் ஊசியால் கேப்பைத் தள்ளிவிடலாம். இதில் அவ்வாறு இயலாது. ஆங்கிலேயர் வகுத்ததை அமெரிக்கரும், அமெரிக்கர் வகுத்ததை ஐரோப்பியரும் கைக்கொண்டது விந்தையே. கழுத்திலும் மயிரிழை போன்றதொரு விரிசல் இருந்தது. “உருக்கினால் ஒரு லீவருக்கு ஆகும், ஹஜ்ரத்” என்று கூறித் திருப்பிக் கொடுத்தார்.