தவக்காலம்

தவக்காலம் என்பது இயேசுவின் உயிர்த்தெழுதல் பெருவிழாவுக்கு முன் கிறிஸ்தவர்கள் செபம், நோன்பு, ஈகை ஆகியவற்றால் தங்களை ஆயத்தப்படுத்தும் நாற்பது நாள் திருவழிபாட்டுக் காலம். சீர்திருத்தச் சபையினர் இதை லெந்து காலம் என்பர். பாலைநிலத்தில் இயேசு நாற்பது நாள் நோன்பிருந்ததே இதன் முன்மாதிரி. கி.பி. 325இல் கூடிய நிசேயா சங்கத்தின் விதிகளிலேயே இக்காலம் குறிப்பிடப்படுகிறது.

மேற்கத்திய மரபில் இது திருநீற்றுப் புதனன்று தொடங்கும். ஞாயிறுகள் நாற்பதில் சேரா. முந்தைய ஆண்டின் குருத்தோலைகளை எரித்த சாம்பலால் குருவானவர் நெற்றியில் சிலுவை இடுவார். வெற்றி ஆர்ப்பரிப்புடன் ஏந்திய ஓலையே மனிதரின் நிலையாமைக்கு அடையாளமாவது இச்சடங்கின் ஆழமான பொருள். மனமாற்றமே மையம், உணவைக் குறைப்பது அதற்கான வழி மட்டுமே. மிச்சப்படுவது ஏழைக்குச் சேராவிட்டால் நோன்பு முழுமை பெறாது என்பது திருச்சபைத் தந்தையரின் போதனை.

கத்தோலிக்க ஆலயங்களில் ஊதா உடை அணியப்படும், அல்லேலூயா பாடப்படாது; வெள்ளிக்கிழமைகளில் பதினான்கு நிலைகள் கொண்ட சிலுவைப்பாதை நடைபெறும். பலர் புலால் தவிர்ப்பர்.

சென்னையில் தவக்காலத்தைக் கடைப்பிடிக்கும் ஆலயங்களுள் மயிலாப்பூர் சாந்தோம் பேராலயம் கத்தோலிக்க உயர்மறைமாவட்டத்தின் தலைமை ஆலயம். கோபாலபுரத்தை அடுத்த கதீட்ரல் சாலைக்குப் பெயர் தந்த தூய ஜார்ஜ் பேராலயம் தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்தது.