வலுக்குறைந்த பாத்திரம் (பாத்திரமேற்பு விளையாட்டு)

வலுக்குறைந்த பாத்திரம் என்பது, மேசைப் பாத்திரமேற்பு விளையாட்டுகளில் ஆட்டக்காரர் ஒருவர் வேண்டுமென்றே ஆற்றல் குறைவாக அமைத்துக்கொள்ளும் கதைமாந்தரைக் குறிக்கும். இவ்விளையாட்டுகளில் ஆட்டக்காரர்கள் ஆளுக்கொரு பாத்திரமேற்றுப் பேசிக் கதையை நகர்த்துவர். நடுவர் ஒருவர் எதிரிகளையும் ஏனையோரையும் இயக்குவார். ஐயத்துக்குரிய செயல்களின் முடிவைப் பகடை தீர்மானிக்கும். வெற்றியும் தோல்வியும் பெரும்பாலும் குழுவுக்கு உரியவையாதலால், ஒருவரது வலுக்குறைவு அவரோடு நின்றுவிடுவதில்லை.

பின்னணி

கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிசன் ஆகியோர் உருவாக்கி 1974 இல் வெளியான டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டில் உடல்வலு, அறிவு முதலிய ஆறு பண்புகளின் மதிப்புகளும் மூன்று பகடைகளை உருட்டிப் பெறப்பட்டன. மதிப்பு 3 முதல் 18 வரை அமையும், சராசரி 10.5. எனவே அன்று நலிந்த பாத்திரம் பெரும்பாலும் தற்செயலாகவே அமைந்தது. குறிப்பிட்ட அளவு புள்ளிகளைக் கொண்டு பண்புகளை "வாங்கும்" முறை பரவிய பின்னரே அது ஆட்டக்காரரின் தெரிவாயிற்று.

1986 இல் வெளியான கர்ப்ஸ் விளையாட்டில் கோழைத்தனம், ஒற்றைக்கண் போன்ற குறைபாடுகளை ஏற்பவருக்குக் கூடுதல் புள்ளிகள் கிடைக்கும். ஆனால் பாலைவனக் கதையில் நீரச்சத்தை ஏற்பவர் எதையும் இழப்பதில்லை. இதனை வலுக்குறைவு என்பதைவிட வணிகம் என்பதே பொருந்தும்.

குழுவில் விளைவு

எந்தப் பண்பு குறைவு என்பதைவிட, குழு எதை நம்பியிருக்கிறது என்பதே முக்கியமானது. மந்திரவாதியின் உடல்வலு குறைந்திருப்பதால் பெரிய இழப்பில்லை. மாறாக, டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் மூன்றாம் பதிப்பில் (2000) மெய்யறிவு 9 மட்டுமே கொண்ட மதகுரு எந்த மந்திரத்தையும் பயன்படுத்த இயலாது. காயம் ஆற்றுவார் என்று அவரை நம்பிய தோழர்கள் இதனை நடுப்போரில் அறிய நேர்ந்தால் உயிரிழப்பது அவர்களது பாத்திரங்களே. அப்பதிப்பில் எதிரிகளின் கடுமை நால்வர் குழுவை அடிப்படையாகக் கொண்டு மதிப்பிடப்பட்டது. நால்வரில் ஒருவர் பயன்படாதபோது எஞ்சிய மூவரும் அச்சுமையை ஏற்க வேண்டியதாகிறது. இதனால் இத்தகைய பாத்திரத்தை ஆட்டம் தொடங்குமுன் குழுவினரிடம் கூறி இசைவு பெறுவது நல்லது. இசைவு கிடைத்தபின் அதே மதகுரு சுவையான பாத்திரமாகவும் அமையலாம்: கட்டுத்துணியும் மருந்தும் சேர்த்து வைக்கும் பொறுப்பை மற்றவர்கள் பகிர்ந்துகொள்வர்.

பிற விளையாட்டுகள்

சாண்டி பீட்டர்சன் எழுதிய கால் ஆஃப் கத்தூலு (1981) விளையாட்டில் எல்லாப் பாத்திரங்களும் எளிதில் இறக்கக்கூடிய, மனநிலை குலையக்கூடிய சாதாரண மனிதர்களே. அங்கு எவரும் தனித்துச் சுமையாவதில்லை. ஃபேட் கோர் (2013) விளையாட்டில் தம் குறைபாடு கதையைச் சிக்கலாக்க இசையும் ஆட்டக்காரர் ஒரு புள்ளி பெறுகிறார். கர்ப்ஸ் முறையைப் போலன்றி, இங்கு குறைபாடு உண்மையில் தொல்லை தந்த பின்னரே பயன் கிடைக்கிறது.