ஒட்டுப் பழமும் உறைந்த முளையமும்

பல்லேகல கிரிக்கெட் மைதானத்தைத் தாண்டி, தென்னகும்புரப் பாலத்தில் மகாவலியைக் கடந்து கண்டிக்குள் வரும் பாதையில், பழக்கடைகளில் கோழிக்கூட்டு வாழைக்குலைகள் தொங்கும். சில சீப்புகளில் ஒரே தோலுக்குள் இரண்டு பழம் ஒட்டிக்கிடக்கும். தமிழ் வீடுகளில் அந்தப் பழத்தைக் குமரிப் பிள்ளைகள் கையில் எடுத்தால் பாட்டி பிடுங்கிவிடுவாள். தின்றால் இரட்டைப் பிள்ளை பிறக்குமாம். சஷ்டியில் விரதம் இருந்தால் அகப்பையில் வரும் என்று பழமொழிக்குப் பொருள் சொல்வதும் அதே பாட்டிதான். அகப்பை அவளுக்குக் கருப்பை. ஒன்றுக்கு விரதம், இரண்டுக்குப் பயம். அந்தப் பயத்தை வெறும் மூடநம்பிக்கை என்று தள்ளிவிட முடியாது. ஸ்கேனும் இன்குபேட்டரும் இல்லாத காலத்தில் இரட்டைப் பிரசவம் என்றால் தாய்க்கும் கண்டம், பிள்ளைகளுக்கும் கண்டம்.

இயல்பாக இரட்டை பிறப்பது எவ்வளவு அரிது என்பதைக் கண்டிக்குப் பக்கத்திலேயே பார்க்கலாம். 2021 ஒகஸ்ட் 31 அன்று பின்னவல யானைகள் சரணாலயத்தில் சுரங்கி என்ற 25 வயது யானை இரண்டு ஆண் குட்டிகளை ஈன்றது. இலங்கையில் வளர்ப்பு யானை ஒன்று இரட்டைக் குட்டி போட்டது 1941க்குப் பிறகு அதுவே முதல் தடவை. மனிதரில் அத்தனை அரிதில்லை. எண்பத்தொன்பது பிரசவத்துக்கு ஒன்று என்று ஹெலின் என்ற மருத்துவர் 1895இல் கணக்குச் சொன்னார். ஆசியாவில் அது இன்னும் குறைவு. உலகம் முழுவதும் எடுத்துக்கொண்டால், 1980களில் ஆயிரம் பிரசவத்துக்கு ஒன்பதாக இருந்த இரட்டைப் பிரசவம் இப்போது பன்னிரண்டாகிவிட்டது என்று 2021இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. தாய்மார் பிந்திய வயதில் கருத்தரிப்பது ஒரு காரணம். பிள்ளைப்பேற்றுச் சிகிச்சை பெரிய காரணம்.

அந்தச் சிகிச்சையின் கதை ஒரு மாத்திரையிலும் ஓர் ஊசியிலும் தொடங்குகிறது. மாத்திரை குளோமிஃபீன். ஈஸ்ட்ரோஜன் குறைந்துவிட்டதாக மூளையை நம்பவைத்து, சூலகத்தைத் தூண்டும் ஓமோனைக் கூடுதலாகச் சுரக்கவைக்கும். அமெரிக்காவில் 1967இல் அனுமதி பெற்றது. மாதம் ஒரு முட்டை முதிரும் இடத்தில் சிலருக்கு இரண்டு முதிரும். அதனால் கருத்தரிப்பவர்களில் நூற்றுக்கு ஏழெட்டுப் பேருக்கு இரட்டை. ஊசியின் வரலாறு கேட்கவே வியப்பானது. மாதவிடாய் நின்ற பெண்களின் சிறுநீரில் அந்த ஓமோன் நிறைய உண்டு என்று கண்டு, இத்தாலியில் மடங்களில் வாழ்ந்த வயதான கன்னியாஸ்திரிகளிடமிருந்து சிறுநீர் சேகரித்து மருந்தைப் பிரித்தெடுத்தார்கள். பிள்ளை பெறாத அந்தப் பெண்களின் தயவால் 1962இல் இஸ்ரேலில் முதல் குழந்தை பிறந்தது. ஆனால் அந்த ஊசி மாத்திரையைவிட மூர்க்கமானது. எத்தனை முட்டை முதிர்கிறது என்று ஸ்கேனில் எண்ணிப் பார்க்கும் வசதி அன்று இல்லை. இரண்டோடு நிற்காமல் மூன்று, நான்கு, ஐந்து என்றும் கரு தங்கியது.

1978 ஜூலை 25 அன்று இங்கிலாந்தில் உலகின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தையான லூயிஸ் பிரவுன் பிறந்தபோது நிலைமை வேறு. ஊசியே போடாமல், இயல்பாக முதிர்ந்த ஒற்றை முட்டையை எடுத்து, உடலுக்கு வெளியே கருக்கட்டி, அந்த ஒற்றை முளையத்தைத்தான் கருப்பைக்குள் வைத்தார்கள். அதே வருடம் ஒக்டோபர் 3 அன்று கொல்கத்தாவில் டாக்டர் சுபாஷ் முகோபாத்யாய் இன்னொரு வழியில் துர்கா என்ற குழந்தையைப் பிறக்கவைத்தார். ஊசி போட்டு முட்டைகளை வளர்த்து, வெளியே கருக்கட்டி, முளையத்தை உறையவைத்து, பிந்திய ஒரு மாதத்தில் கருப்பைக்குள் வைத்தார். அரசு அமைத்த குழு அவரை நம்பவில்லை. வெளிநாட்டு மாநாட்டுக்கும் போகவிடவில்லை. 1981 ஜூனில் அவர் உயிரை மாய்த்துக்கொண்டார். 1986இல் மும்பையில் பிறந்த ஹர்ஷாவே இந்தியாவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை என்று எழுதப்பட்டது. அந்த ஹர்ஷாவை உருவாக்கிய குழுவில் இருந்த ஆனந்த் குமார்தான் பின்னர் முகோபாத்யாயின் குறிப்புகளைப் படித்து, முதலிடம் அவருக்கே உரியது என்று 1997இல் பகிரங்கமாகச் சொன்னார். அந்த நேர்மைக்குத் தலை வணங்கத்தான் வேண்டும்.

அடுத்த இருபது வருடத்தில் உலகம் எண்ணிக்கையை நம்பியது. ஒரு முளையம் தங்குவது நிச்சயமில்லை. ஆகவே மூன்று, நான்கு வைப்போம், ஒன்றாவது நிற்கும் என்பது கணக்கு. எல்லாமே நின்றால்? 2009இல் கலிபோர்னியாவில் பன்னிரண்டு முளையங்கள் வைக்கப்பட்ட ஒரு பெண் எட்டுப் பிள்ளைகளைப் பெற்றார். முளையங்களை வைத்த வைத்தியரின் உரிமம் பறிபோனது. சுவீடன் 2003இலேயே பெரும்பாலும் ஒன்றுதான் என்று விதி வகுத்திருந்தது. பிரித்தானியாவில் இச்சிகிச்சையில் நடந்த பிரசவங்களில் நாலில் ஒன்றாக இருந்த பலபிள்ளைப் பிரசவம் 2019இல் நூற்றுக்கு ஆறாக இறங்கியது. இறக்கியது எது? மிச்ச முளையங்களை உறையவைத்து, தேவைப்பட்டால் அடுத்த மாதம் இன்னொன்றை வைக்கலாம் என்ற துணிச்சல். கொல்கத்தாவில் ஏளனம் செய்யப்பட்ட அதே வழி.

கைக்காசைக் கட்டிச் சிகிச்சைக்குப் போகும் தம்பதிகள் இரண்டாக வைத்துவிடுங்கள் என்று கேட்பதில் குற்றமில்லை. நகையை அடகு வைத்தவர்களுக்கு ஒரே செலவில் இரண்டு பிள்ளை என்பது பெரிய ஆறுதல். ஆனால் இரட்டையரில் பாதிக்கு மேல் 37 வாரம் நிறையுமுன் பிறந்துவிடுகிறார்கள் என்பதையும், தாய்க்குப் பிரஷர் ஏறும் அபாயம் கூடும் என்பதையும் காசு வாங்குமுன்பே சொல்ல வேண்டியது வைத்தியரின் கடமை. ஒரே முளையம் வைத்தாலும் அது அபூர்வமாக இரண்டாகப் பிரியலாம்.

அப்படி முந்திப் பிறந்துவிடும் பிள்ளைகளுக்கும் ஒரு வழி கிடைத்தது. துர்கா பிறந்த அதே 1978இல், கொலம்பியாவின் பொகோட்டா நகரில் எட்கர் ரேய் என்ற வைத்தியரிடம் இன்குபேட்டர் போதவில்லை. ஒன்றுக்குள் இரண்டு மூன்று பிள்ளைகள் கிடந்து கிருமி தொற்றியது. குறைமாதப் பிள்ளைகளைத் தாயின் வெறும் நெஞ்சோடு நிமிர்த்திக் கட்டிவைக்கச் சொன்னார். கங்காரு பராமரிப்பு என்று பெயர் பெற்ற அந்த முறை இன்று உலகெங்கும் பரவிவிட்டது. இரட்டையர் என்றால் ஒன்று அம்மாவின் நெஞ்சில், மற்றது சட்டைப் பொத்தான்களைக் கழற்றிவிட்டு அசையாமல் சாய்ந்திருக்கும் அப்பாவின் நெஞ்சில்.