பிறரன்பு: கிறித்தவப் போதனையும் நெய்வேலி வட்டாரமும்

பிறரன்பு என்பது, கடவுளிடம் காட்டும் அன்பையும் சக மனிதரிடம் காட்டும் அன்பையும் பிரிக்காமல் ஒன்றாக வைக்கும் கிறித்தவப் போதனை. கட்டளைகளில் தலையாயது எது என்று மறைநூல் அறிஞர் ஒருவர் கேட்டபோது, யூதர்களின் பழைய நூல்களிலிருந்தே இயேசு இரண்டை எடுத்துச் சேர்த்தார்: இணைச்சட்ட நூலிலிருந்து கடவுளன்பு, லேவியர் நூல் 19-ஆம் அதிகாரத்திலிருந்து அயலாரன்பு (மாற்கு 12). தமிழகத்தில் இந்தப் போதனை சோதிக்கப்பட்டது பெரும்பாலும் மதிப்பின் வழியாகத்தான். கோயிலில் யார் எங்கே உட்காரலாம், யாருடைய சவ ஊர்வலம் எந்தத் தெருவில் போகலாம் என்ற கேள்விகளில் அது பலமுறை தோற்றிருக்கிறது, சிலமுறை வென்றும் இருக்கிறது. நெய்வேலி நகரியமும் அதற்கு அருகிலுள்ள ஊர்களும் இந்த இரண்டையும் அறிய ஏற்ற இடங்கள்.

விவிலிய அடிப்படை

மனிதர் கடவுளின் சாயலில் படைக்கப்பட்டவர் என்று தொடக்க நூல் கூறுகிறது. ஆகவே ஒருவருக்குரிய மதிப்பு அவர் உழைத்துச் சேர்த்ததும் அல்ல, பிறர் மனமிரங்கிக் கொடுப்பதும் அல்ல. பேதுருவின் முதல் திருமுகம் எல்லாருக்கும் மதிப்புக் கொடுக்கச் சொல்கிறது. ஒருவரையொருவர் மதிப்பதில் முந்திக்கொள்ளுமாறு உரோமையருக்குப் பவுல் எழுதுகிறார்.

நல்ல சமாரியர் உவமை (லூக்கா 10) பலருக்கும் தெரிந்தது. அதில் கவனிக்க வேண்டியது செலவுக் கணக்கு. காயத்துக்கு எண்ணெயும் திராட்சை மதுவும் வார்த்து, தம் விலங்கின் மேல் ஏற்றிக்கொண்டுபோய், சாவடிக்காரரிடம் இரண்டு தெனாரியம் கொடுத்து, கூடுதலாக ஆனால் திரும்பி வரும்போது தருவதாகவும் சொல்கிறார் அந்தச் சமாரியர். யூதர்கள் அருவருத்து ஒதுக்கிய இனத்தைச் சேர்ந்தவர் அவர். தாழ்ந்தவருக்கு உயர்ந்தவர் உதவிய கதையாக இதை வாசிப்பது பெரும் பிழை. இழிவாகக் கருதப்பட்டவர் கையால் உதவி பெறுவதையே கேட்பவர்கள் ஏற்க வேண்டியிருந்தது.

யாக்கோபு திருமுகத்தின் 2-ஆம் அதிகாரம் இன்னும் நேரடியானது. பொன் மோதிரம் அணிந்து வருபவருக்கு நல்ல இருக்கை, அழுக்குடை உடுத்தி வருபவருக்கு நிற்க இடம் அல்லது காலடி என்று பிரித்து உட்கார வைக்கும் சபையை அது கடிந்துகொள்கிறது. கொரிந்து சபையில் வசதியுள்ளோர் முன்கூட்டியே உண்டு முடிக்க, ஏழைகள் பசியோடு இருந்தார்கள். இது ஆண்டவரின் விருந்தே அல்ல என்று பவுல் சாடினார். தமிழ்நாட்டுக் கிறித்தவர் வரலாற்றைப் படிப்பவருக்கு இவ்விரண்டு பகுதிகளும் நம் ஊரைப் பார்த்து எழுதியவை போலவே தோன்றும்.

சுவர்கள்

புதுச்சேரியில் ‘சம்பா கோயில்’ என்று மக்கள் அழைக்கும் பேராலயத்துக்குள், சாதிக் கிறித்தவரையும் ஒடுக்கப்பட்டோரையும் பிரிக்கும் சுவர் 18-ஆம் நூற்றாண்டில் இருந்தது. 1745-இல் அதை அகற்றியபோது எழுந்த பூசலை ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு பதிவு செய்கிறது. நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில், சாதிக்கொரு கூடமாக இரண்டு கூடங்கள் பீடத்தருகே வந்து சேரும்படி 1872-இல் ஆலயமே கட்டப்பட்டது. நடுச்சுவர் 1910-இல்தான் இடிக்கப்பட்டது. சீர்திருத்த சபைகளிலும் இதே நிலைதான். மிஷனரிகள் சாதி வேறுபாட்டை நீக்க முயன்றபோது, தஞ்சைப் பெரும்புலவர் வேதநாயகம் சாஸ்திரியாரே எதிர்த்து எழுதினார். 1833-இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் திருச்சபைக்குள் சாதியை முற்றாகக் கைவிடும்படி ஆணையிட, தஞ்சை, வேப்பேரி சபைகளில் பலர் வெளியேறினார்கள்.

நெய்வேலியில்

நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் 1956-இல் தொடங்கப்பட்டது. 1957 மே 20 அன்று ஜவாஹர்லால் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். பல மாவட்டங்களிலிருந்தும் மாநிலங்களிலிருந்தும் வேலைக்கு வந்தவர்கள் ‘வட்டம்’ என எண்ணிட்ட பகுதிகளில் குடியேறினார்கள். கிராமத்தில் யார் பக்கத்து வீட்டுக்காரர் என்பதைச் சாதித் தெரு தீர்மானித்தது. இங்கே அதைத் தீர்மானித்தது நிறுவனத்தின் வீட்டு ஒதுக்கீடு. பிறரன்பு பேசும் சமயத்துக்கு இது ஒரு நல்வாய்ப்பு. ஆனால் நகரியம் தனக்கென்று படிநிலைகளையும் வைத்திருக்கிறது: பதவிக்கேற்ற குடியிருப்பு, நிரந்தரத் தொழிலாளர், ஒப்பந்தத் தொழிலாளர், சுரங்கத்துக்கு நிலம் கொடுத்துவிட்டு வேலைக்காகக் காத்திருக்கும் குடும்பங்கள். என் அயலார் யார் என்ற கேள்வி இங்கே சாதியோடு முடிவதில்லை.

நெய்வேலிக் கத்தோலிக்கர் புதுச்சேரி–கடலூர் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்தவர்கள். திருப்பலியில் நற்கருணை வாங்குமுன் சமாதானம் பகிரும் நேரத்தில் மக்கள் இடமும் வலமும் திரும்பிக் கைகூப்பி வணங்குகிறார்கள். இந்திய மரபுக்கேற்ப வழிபாட்டைத் தகவமைக்க 1969-இல் உரோமை ஒப்புக்கொண்ட 12 அம்சங்களில் இந்தக் கைகூப்பலும் ஒன்று. இரவு ஷிப்டு முடித்து வந்தவருக்கும் அவருடைய மேலதிகாரிக்கும் அந்த நேரத்தில் ஒரே வணக்கம்தான். பெரிய வியாழனன்று குருவானவர் இடுப்பில் துண்டைக் கட்டி, மண்டியிட்டு, பன்னிருவரின் காலைக் கழுவித் துடைக்கிறார். 2016 முதல் பெண்களின் பாதங்களையும் கழுவலாம் என்று திருத்தந்தை பிரான்சிஸ் விதியை மாற்றினார்.

நகரியத்தில் குளூனி சூசையப்பர் பெயரில் பள்ளி உள்ளது. குளூனி சபையை 1807-இல் பிரான்சில் நிறுவிய ஆன் மரி ஜவூஹேயிடம், தென் அமெரிக்காவின் மானா குடியிருப்பில், அடிமைக் கப்பல்களிலிருந்து மீட்கப்பட்ட ஆப்பிரிக்கர்களை 1830-களில் பிரெஞ்சு அரசு ஒப்படைத்தது. விடுதலை வாழ்வுக்கு அவர்களை அவர் ஆயத்தப்படுத்தினார். அக்காலக் குடியேற்ற முதலாளிகள் அவரைக் கடுமையாக வெறுத்தார்கள். சபையின் சகோதரிகள் 1827-லேயே புதுச்சேரிக்கு வந்துவிட்டார்கள்.

இறையூர்

நெய்வேலிக்கு வடமேற்கே, உளுந்தூர்பேட்டைப் பகுதியில், அதே உயர்மறைமாவட்டத்தின் இறையூர் உள்ளது. அங்கே ஒரே பங்கைச் சேர்ந்த வன்னியக் கிறித்தவரும் தலித் கிறித்தவரும் வெவ்வேறு கல்லறைகளில் அடக்கம் செய்யப்பட்டார்கள். தூம்பா எனப்படும் சவ வண்டியும் தனித்தனி. தலித் மக்களின் சவ ஊர்வலம் முதன்மைத் தெரு வழியே கோயிலுக்குப் போக முடியவில்லை. தங்களுக்குத் தனிப் பங்கு வேண்டும் என்று 2008 மார்ச்சில் அவர்கள் போராடியபோது கலவரம் மூண்டது. காவல் துறையின் துப்பாக்கிச் சூட்டில் வன்னியக் கிறித்தவர் இருவர் இறந்தனர். இரு தரப்பாரும் ஞாயிறுதோறும் கேட்டது ஒரே நற்செய்தியைத்தான். இறந்தவரின் உடலுக்குக்கூட மதிப்பு மறுக்கப்பட்ட இடத்தில், அன்பைப் பற்றிய மறையுரை எத்தனை கேட்டும் பயன் இருந்திருக்காது.

திருச்சபைத் தலைமை இதைப் பேசாமல் இல்லை. 2003 நவம்பரில் உரோமைக்குச் சென்ற தமிழக ஆயர்களிடம் இரண்டாம் யோவான் பவுல் சாதிப் பாகுபாட்டைக் கண்டித்தார். 2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கை, பாகுபாடு சபைக்குள்ளேயே நீடிப்பதை ஒப்புக்கொண்டது. 1950 ஆகஸ்ட் 10-ஆம் நாள் வெளியான குடியரசுத் தலைவர் ஆணையின் விளைவாகத் தலித் கிறித்தவர் பட்டியல் சாதியினராக ஏற்கப்படுவதில்லை. சபைகள் ஆண்டுதோறும் அந்நாளைக் கருப்பு நாளாகக் கடைப்பிடிக்கின்றன. அரசிடம் கேட்கும் அதே சமத்துவத்தைத்தான், இறையூர் போன்ற பங்குகளின் தலித் மக்கள் தங்கள் சபையிடம் கேட்டார்கள்.