லைக்ஸ் குவியுது... கல்லாவில் காசு சேருதா? கணக்குப் போடுவது எப்படி?

ரீல்ஸுக்கு 2 லட்சம் வியூஸ். கமெண்ட் முழுக்க ‘விலை என்ன?’ என்ற கேள்வி. ஆனால் மாசக் கடைசியில் கையில் ஒண்ணும் நிக்கலையே? சித்தையன்கோட்டையில் வீட்டில் இருந்தபடி, பக்கத்து சின்னாளபட்டியின் சுங்குடிச் சேலைகளை வாங்கி இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப்பில் விற்கும் ஒருவரை வைத்தே இதைப் பார்க்கலாம்.

வியூஸ் வந்தாலே வருமானம்தானே?

யூடியூபருக்கு ஓரளவு ஆமாம். 1,000 சப்ஸ்கிரைபர்கள், 12 மாதங்களில் 4,000 மணி நேரப் பார்வை இருந்தால் விளம்பர வருமானத்தில் பங்கு கேட்டு விண்ணப்பிக்கலாம். புதுக்கோட்டை மாவட்டத்தில் 2018-ல் தொடங்கிய வில்லேஜ் குக்கிங் சேனல், 2021-ல் 1 கோடி சப்ஸ்கிரைபர்களைத் தொட்டது. அவர்களுக்குப் பார்வையே வருமானம். சேலை விற்பவருக்கு அப்படி இல்லை. சேலை விற்றால்தான் காசு.

லாபமா, நஷ்டமா?

ஒரு மாதத்துக்கான உதாரணக் கணக்கு இது:

* செலவு: விளம்பரம் ரூ.3,000, எடிட்டிங் ரூ.2,000, உங்கள் நேரத்துக்கான கூலி ரூ.3,000. மொத்தம் ரூ.8,000.
* விற்பனை: 40 ஆர்டரில் 4 திரும்பி வந்துவிட்டது. மீதி 36 சேலை, தலா ரூ.800. மொத்தம் ரூ.28,800.

‘3,000 போட்டேன், 28,800 வந்தது’ என்று சந்தோஷப்படுவது இங்கேதான். ஆனால் அடக்கவிலை, பேக்கிங், கூரியர் போக ஒரு சேலைக்கு நிற்பது ரூ.250 என்றால் 36 சேலைக்கு ரூ.9,000. திரும்பி வந்த 4 பார்சலுக்கு கூரியர் நஷ்டம் ரூ.400. மிச்சம் ரூ.8,600. செலவைக் கழித்தால் லாபம் வெறும் ரூ.600. போட்ட காசுக்கு 7.5 சதவீதம்.

அதோடு முடிந்ததா?

இல்லை. அந்த 36 பேரில் 10 பேர் பழைய வாடிக்கையாளர்கள், ரீல்ஸ் பார்க்காமலே வாங்கியிருப்பார்கள் என்று வையுங்கள். அவர்களால் வந்த ரூ.2,500-ஐ ரீல்ஸ் கணக்கில் சேர்க்க முடியாது. இப்போது மிச்சம் ரூ.6,100. அதாவது, ரூ.1,900 நஷ்டம்!

யார் எதைப் பார்த்து வந்தார்கள்? தெரிந்துகொள்ள 4 வழிகள்

1. ஆர்டர் எடுக்கும்போதே ‘எங்க பார்த்தீங்க?’ என்று கேட்டு நோட்டில் எழுதுங்கள்.
2. ரீல்ஸில் மட்டும் ஒரு தள்ளுபடிக் குறியீடு சொல்லுங்கள். அதைச் சொல்லி வருபவர்களை எண்ணுங்கள்.
3. வாட்ஸ்அப் பிசினஸில் புது வாடிக்கையாளர், பழைய வாடிக்கையாளர் என லேபிள் போடுங்கள்.
4. பண்டிகை இல்லாத நேரத்தில் 2 வாரம் விளம்பரத்தை நிறுத்திப் பாருங்கள். விற்பனை குறையவே இல்லை என்றால், அந்தக் காசு வீணாகப் போயிருக்க வாய்ப்பு அதிகம்.

கவனிக்க வேண்டியது

தீபாவளி மாத விற்பனையை அதற்கு முந்தைய மாதத்தோடு ஒப்பிடாதீர்கள், போன வருஷ தீபாவளியோடு ஒப்பிடுங்கள். இன்று ரீல்ஸ் பார்த்தவர் பொங்கலுக்கும் வந்து வாங்கலாம். அதனால் ஒரே மாதத்தில் முடிவெடுக்காமல், குறைந்தது 3 மாதக் கணக்கைப் பாருங்கள். புதிதாக வந்தவர் இரண்டாவது முறையும் வாங்கினால், அதற்குத் தனியாக விளம்பரச் செலவு இல்லை. உண்மையான லாபம் தொடங்குவது அங்கேதான்.